பார்லியை அன்றாடச் சமையலுக்குக் கொண்டுவருவது எப்படி?

தமிழ்நாட்டு வீடுகளில் பார்லி வாங்குவதற்குப் பெரும்பாலும் ஏதேனும் ஓர் உடல்நலக் குறைவே காரணமாக இருக்கிறது. கோடையில் நீர்க்கடுப்பு வந்தாலோ, கர்ப்பிணியின் கால் வீங்கினாலோ, காய்ச்சலில் படுத்தவருக்கு எதுவும் வாய்க்குப் பிடிக்காமல் போனாலோ, மளிகைக் கடையில் கால் கிலோ வாங்கி, ஒரு கைப்பிடியைக் கொதிக்கவைத்து, தண்ணீரை வடித்துக் குடிக்கக் கொடுத்துவிட்டு, வெந்த மணிகளைக் கொட்டிவிடுகிறோம். இந்தத் தானியத்தால் கிடைக்கக்கூடிய நன்மையில் பெரும்பகுதி நாம் கொட்டும் மணிகளில்தான் இருக்கிறது. பார்லியை மருந்தாக வைத்திருப்பதைவிடச் சோறாகவும் பொங்கலாகவும் சப்பாத்தியாகவும் சாப்பிடுவதே பயனுள்ளது என்பது என் கருத்து. அப்படிச் சாப்பிட விரும்புவோருக்கு எதை வாங்குவது, எவ்வளவு சாப்பிடுவது, யார் தவிர்ப்பது, எப்படிச் சமைப்பது ஆகியவற்றை இங்கே விளக்கியிருக்கிறேன்.

கடையில் எதை வாங்குவது?

தமிழில் வாற்கோதுமை என்று வழங்கும் பார்லி, கோதுமைக்கு நெருங்கிய உறவான தானியம். கடைகளில் வரகு, சாமை, தினை ஆகியவற்றோடு அடுக்கி வைத்திருப்பதால் இதையும் சிறுதானியம் என்று பலர் நினைக்கின்றனர். அது தவறு, இந்தத் தவறு சிலருக்கு உடல்நலக் கேட்டையும் உண்டாக்கும் என்பதைப் பின்னால் பார்க்கலாம். மேற்காசியாவில் ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முன் பயிராக்கப்பட்ட முதல் தானியங்களில் இதுவும் ஒன்று. இந்தியாவில் குளிர்காலப் பயிராக ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் மிகுதியாக விளைகிறது. இதற்கான மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனம் ஹரியானாவின் கர்னாலில் இருக்கிறது. நீலகிரியில் படகர்கள் முன்பு இதைப் பயிரிட்டு வந்தனர் என்றாலும், இன்று நம் கடைகளுக்கு வருவது பெரும்பாலும் வடக்கிலிருந்து வரும் சரக்குதான்.

பார்லியின் உமி மணியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். நெல்லைப்போல எளிதில் பிரியாது. உமியை மட்டும் நீக்கித் தவிட்டை விட்டுவைத்த முழு பார்லி பழுப்பு நிறத்தில் இருக்கும். வேக ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். தவிட்டையும் தீட்டி எடுத்தது வெள்ளையான, முட்டை வடிவ மணி. நடுவில் ஒரு பழுப்புக் கோடு மட்டும் எஞ்சியிருக்கும். மளிகைக் கடையில் பார்லி என்று கேட்டால் கிடைப்பது இதுதான். முழு பார்லியில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 17 கிராம் நார்ச்சத்தும், தீட்டியதில் ஏறக்குறைய 15 கிராமும் உண்டு. தீட்டிய வெள்ளையரிசியில் இது 3 கிராமைத் தாண்டுவதில்லை. அரிசியைத் தீட்டினால் நார்ச்சத்து தவிட்டோடு போய்விடுகிறது. பார்லியிலோ அது மணியின் உட்பகுதி முழுவதும் பரவியிருப்பதால், தீட்டிய பின்னும் பெரும்பகுதி தங்கிவிடுகிறது. ஆகையால் முழு பார்லி கிடைக்கவில்லையே என்று அலைய வேண்டியதில்லை; தெருமுனைக் கடையில் கிடைக்கும் வெள்ளை பார்லியே போதும்.

நாட்டு மருந்துக் கடைகளில் ஹோமத்துக்காக உமியோடு விற்கும், யவம் எனப்படும் பார்லி சமையலுக்கு ஆகாது. அந்த உமி எவ்வளவு வேகவைத்தாலும் தொண்டையில் குத்தும். சிங்கப்பூர், மலேசியாவில் வாழ்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே சீன மருந்துக் கடைகளில் சீன பார்லி என்ற பெயரில் விற்கப்படும், அளவில் பெரிய, ஆழமான பள்ளம் கொண்ட வெள்ளை மணி வேறொரு புல்லின் விதை. சுவை ஏறக்குறைய ஒத்திருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. கர்ப்பிணிகள் அதைச் சாப்பிடக் கூடாது என்று சீன மருத்துவ மரபே சொல்கிறது.

பொட்டலத்தை வாங்கும்போது அடிப்பகுதியைப் பாருங்கள். அங்கே மாவுபோலத் தூள் படிந்திருந்தாலோ, மணிகளில் ஊசிமுனை அளவு துளைகள் தெரிந்தாலோ, வண்டு ஏற்கெனவே புகுந்துவிட்டது என்று பொருள். நல்ல பார்லிக்குக் காய்ந்த வைக்கோலின் மெல்லிய மணம் இருக்கும். எண்ணெய்ச் சிக்கு வாடையோ பூஞ்சை வாடையோ அடித்தால் வேண்டாம். அரைக் கிலோவுக்கு மேல் வாங்காமல், வீட்டுக்கு வந்ததும் பொட்டலத்தோடு மூன்று நான்கு நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்து, ஈரம் காய்ந்தபின் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வைத்தால் மாதக்கணக்கில் கெடாது.

உடலுக்கு என்ன செய்கிறது?

பார்லியின் சிறப்புக்குக் காரணம் பீட்டா குளுக்கான் என்னும் கரையும் நார்ச்சத்து. பார்லித் தண்ணீர் ஆறியதும் விளக்கெண்ணெயைப்போலக் கொழகொழப்பாவதற்கு மாவுச்சத்தோடு இதுவும் ஒரு காரணம். இதே கொழகொழப்பு குடலிலும் உண்டாகிறது. உணவில் உள்ள கொழுப்பைச் செரிக்க ஈரல் சுரக்கும் பித்த அமிலங்களில் பெரும்பகுதி வழக்கமாகக் குடலிலிருந்து மீண்டும் உறிஞ்சப்பட்டு ஈரலுக்கே திரும்பும். பீட்டா குளுக்கான் அவற்றில் ஒரு பகுதியைத் தடுத்து மலத்தோடு வெளியேற்றிவிடுவதால், ஈரல் புதிதாகப் பித்த அமிலம் தயாரிக்க இரத்தத்திலிருந்து கொலஸ்டிரால் எடுத்துக்கொள்ள நேர்கிறது. இதனால் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். அளவு சற்றே இறங்குகிறது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2006-இலும், ஐரோப்பிய ஒன்றியம் 2012-இலும், பார்லி உணவுப் பொட்டலங்களில் இதய நலம், கொலஸ்டிரால் குறைப்பு குறித்த வாசகங்களை அச்சிட அனுமதித்தன. இரண்டும் அடிப்படையாகக் கொண்ட அளவு நாளொன்றுக்கு 3 கிராம் பீட்டா குளுக்கான்.

அந்த 3 கிராமை நம் தட்டின் கணக்கில் பார்ப்போம். ரகத்துக்கு ரகம் வேறுபட்டாலும், வேகாத பார்லியில் பொதுவாக 100 கிராமுக்கு 4 முதல் 6 கிராம் வரை பீட்டா குளுக்கான் இருக்கும். அப்படியானால் 50 முதல் 75 கிராம் பார்லியை, அதாவது வெந்தபின் ஒரு கிண்ணம் நிறைய வருவதை, நாள்தோறும் உண்ண வேண்டும். இப்போது பார்லித் தண்ணீரை எண்ணிப் பாருங்கள். 30 கிராம் மணியைக் கொதிக்கவைத்து நான்கு டம்ளர் நீர் எடுத்தால், மணியில் உள்ள பீட்டா குளுக்கான் முழுவதும் நீரில் இறங்கிவிட்டது என்று வைத்துக்கொண்டாலும், ஒரு டம்ளரில் அரை கிராம்கூடத் தேறாது. உண்மையில் முழுவதும் இறங்குவதில்லை, கணிசமான பகுதி மணியிலேயே தங்கிவிடுகிறது. கொலஸ்டிராலுக்காகப் பார்லித் தண்ணீர் குடிப்பவர்கள் இந்தக் கணக்கை மனத்தில் கொள்ள வேண்டும். மணியை முறையாகச் சாப்பிட்டாலும் கிடைப்பது மிதமான குறைவுதான். மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடும் அளவுக்கு அல்ல.

சர்க்கரை நோயாளிகளுக்கு இதனால் வேறொரு பயன் உண்டு. ஓர் உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு விரைவாக ஏற்றுகிறது என்பதைக் காட்டுவது கிளைசெமிக் குறியீடு; முழு மணியாக வேகவைத்த பார்லிக்கு இது 30-ஐ ஒட்டி இருக்கிறது. தானியங்களில் இவ்வளவு குறைவானது அரிது. வெள்ளையரிசிச் சோற்றின் குறியீடு ரகத்தைப் பொறுத்துப் பெரும்பாலும் இதைப்போல் இரு மடங்கும் அதற்கு மேலும் இருக்கும். ஆனால் இந்தச் சிறப்பு மணி முழுதாக இருக்கும் வரைதான். மாவாக அரைத்துக் கூழாகக் காய்ச்சினால் செரிமான நொதிகள் மாவுச்சத்தை எளிதில் எட்டிவிடுவதால் சர்க்கரை விரைவாக ஏறும். சர்க்கரை நோய்க்கென்று பார்லி மாவுக் கஞ்சி குடிப்பதைவிட, மெல்ல வேண்டிய நிலையில் உள்ள பார்லிச் சோறு சாப்பிடுவது மேல். அளவும் முக்கியம். வெந்த பார்லி ஒரு கிண்ணத்தில் ஏறக்குறைய 190 கலோரியும் 44 கிராம் மாவுச்சத்தும் உண்டு. சோற்றுக்குப் பதிலாகச் சாப்பிட்டால்தான் பயன், சோற்றையும் சாப்பிட்டுவிட்டு இதையும் சேர்த்தால் எடையும் சர்க்கரையும் சேர்ந்தே ஏறும். இன்சுலினோ சர்க்கரை குறைக்கும் மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள் உணவை மாற்றும் முதல் சில வாரங்களில் சர்க்கரை அளவை அடிக்கடி பார்த்துக்கொள்வது அவசியம்.

பெருங்குடலில் வாழும் நுண்ணுயிரிகளுக்கும் இந்த நார்ச்சத்து உணவாகிறது. சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வொன்றில், மூன்று நாள் பார்லி மணியால் செய்த ரொட்டியைச் சாப்பிட்ட நடுவயதினருக்கு, மறுநாள் காலை உணவுக்குப்பின் சர்க்கரை ஏறுவதும் பசி உணர்வும் குறைந்திருந்தன. நுண்ணுயிரிகள் நார்ச்சத்தை நொதிக்கச் செய்து உண்டாக்கும் கொழுப்பு அமிலங்கள் பசியைக் கட்டுப்படுத்தும் இயக்குநீர்களைத் தூண்டுவதே இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. நுண்ணுயிரிகளின் இந்த வேலையால் வாயுவும் உண்டாகும் என்பதால், நார்ச்சத்துக்குப் பழகாத வயிறு முதலில் உப்பிக்கொள்ளும். வாரத்துக்கு இரண்டு முறை அரைக் கிண்ணத்தில் தொடங்கி, போதிய தண்ணீர் குடித்து, படிப்படியாகக் கூட்டினால் இந்தத் தொல்லை அடங்கிவிடும்.

நீர்க்கடுப்பு, வீக்கம், சிறுநீரகக் கல் ஆகியவற்றுக்குப் பார்லித் தண்ணீர் கொடுக்கும் வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. கிரேக்கத்தின் ஹிப்போகிராட்டஸ் மரபு மருத்துவ நூல்களே கடும் காய்ச்சலுக்குப் பார்லிக் கஞ்சியை விரிவாகப் பரிந்துரைக்கின்றன. அவ்வளவு பழைய நம்பிக்கை இது. வெயிலில் சிறுநீர் அடர்ந்து எரிச்சல் உண்டாகும்போது ஒன்றரை லிட்டர் நீராகாரம் உள்ளே போவதே பெரும் ஆறுதல் தரும். கிருமித் தொற்று இருந்தால் பார்லி அதைக் கொல்லாது. சிறுநீர் கழிக்கையில் எரிச்சலோடு காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாப்புற வலி, இரத்தம் ஆகியவற்றில் எது சேர்ந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் செல்ல வேண்டும். கர்ப்பத்தின் 20 வாரங்களுக்குப் பின் முகமும் கையும் வீங்கி, தலைவலியும் பார்வை மங்கலும் இருந்தால், அது உயர் இரத்த அழுத்தத்தின் அறிகுறியாக இருக்கலாம். அப்போது பார்லித் தண்ணீர் காய்ச்சி ஒரு நாளைக் கடத்துவது ஆபத்து.

யார் தவிர்க்க வேண்டும்?

கோதுமையைப்போலவே பார்லியிலும் குளூட்டன் என்னும் புரதம் உண்டு. குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் உள்ளவர்கள் மணி, மாவு, மால்ட் எனப்படும் முளைகட்டிய பார்லி, வறுத்த பார்லித் தேநீர் என எந்த வடிவிலும் இதைத் தொடக் கூடாது. இதைச் சிறுதானியம் என்று எண்ணுவதால் வரும் கேடு இங்கேதான். பல தானியங்கள் கலந்த சத்துமாவுகளில் கம்பு, கேழ்வரகோடு பார்லியும் கலந்திருக்கும். குளூட்டன் ஆகாதவர்கள் பொட்டலத்தின் பின்புறத்தைப் படிக்காமல் அவற்றை வாங்கக் கூடாது. கோதுமைக்கு ஒவ்வாமை உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்ட பிறகே பார்லியைச் சாப்பிட வேண்டும். அடிக்கடி வயிறு உப்பி, வலித்து, பேதியும் மலச்சிக்கலும் மாறிமாறி வரும் எரிச்சல் குடல் நோய் உள்ளவர்களில் சிலருக்குப் பார்லி அந்தத் தொல்லையைக் கூட்டும். சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு மருத்துவர் ஒரு நாளைக்கு இவ்வளவு நீர்தான் என்று வரம்பு விதித்திருப்பார்; சிறுநீரகத்துக்கு நல்லது என்று யாரோ சொன்னதை நம்பி அவர்கள் பார்லித் தண்ணீரைக் கணக்கில்லாமல் குடிப்பது தீங்காகும். கைக்குழந்தைக்கு ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும் வேண்டாம் என்பதால், முன்பு வீடுகளில் கொடுத்து வந்த பார்லித் தண்ணீரும் அதில் அடங்கும்.

அடிப்படைச் சமையல்

ஒரு கிண்ணம் பார்லி ஏறக்குறைய 200 கிராம் இருக்கும். வெந்தால் மூன்று கிண்ணத்துக்கு மேல் வரும். மூன்று நான்கு முறை அலசிக் களைந்து, ஆறு மணி நேரமோ இரவு முழுவதுமோ ஊறவைக்க வேண்டும். ஊறிய மணியைக் குக்கருக்குள் தனிப் பாத்திரத்தில் வைத்து, ஒன்றுக்கு இரண்டரைப் பங்கு நீர் விட்டு, நான்கைந்து விசில் வரை வேகவைத்து, ஆவி தானாக அடங்கும் வரை திறக்காமல் விட்டால் சோற்றைப்போல உதிரியாக வரும். ஊறவைக்க நேரமில்லாதபோது மூன்று பங்கு நீரும் ஏழெட்டு விசிலும் வேண்டியிருக்கும். முழு பார்லிக்கு இரவு ஊறல் கட்டாயம். விசிலும் இரண்டு மூன்று கூடும்.

தனிப் பாத்திரம் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பார்லி கொதிக்கையில் மிகுதியாக நுரைக்கும். குக்கரில் நேரடியாகப் போட்டால் அந்த நுரை மேலெழும்பி வெயிட் வழியாகப் பீச்சி, ஆவி போகும் துளையில் காய்ந்து அடைத்துக்கொள்ளும். நேரடியாகத்தான் வைக்க வேண்டுமென்றால் குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பாமல், அரைத் தேக்கரண்டி எண்ணெய் விட்டு, முதலில் மூடாமல் கொதிக்கவிட்டு, நுரையைக் கரண்டியால் வழித்தெடுத்தபின் மூடுங்கள். திறந்த பாத்திரத்தில் வேகவைத்தால் ஊறியதற்கு முப்பது நிமிடமும், ஊறாததற்கு நாற்பத்தைந்து நிமிடமும் ஆகும்.

வெந்த பதத்தைக் கண்ணாலும் விரலாலும் அறியலாம். மணி நன்றாக உப்பி, நடுவில் இருந்த பழுப்புக் கோடு விரிந்து பிளந்தாற்போல் தெரியும். இரு விரலுக்கிடையில் வைத்து அழுத்தினால் வெளிப்புறம் நசுங்கி, நடுவில் மெல்லிய இழுவை இருக்கும். வெள்ளைப் பொட்டு தெரிந்தால் இன்னும் வேக வேண்டும். எவ்வளவு வேகவைத்தாலும் பார்லி அரிசியைப்போல முழுதாகக் குழையாது. சற்றே மெல்லும்படிதான் இருக்கும். வேகவில்லை என்று எண்ணிச் சிலர் திரும்பத் திரும்ப விசில் விடுகின்றனர், அது வேண்டாம்.

வெந்த பார்லியைச் சூடு தணிந்ததும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மூன்று நாள் வரை நன்றாக இருக்கும். ஒருமுறை இரண்டு கிண்ணம் வேகவைத்து, கால் கிலோ அளவுள்ள பொட்டலங்களாக ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளும் வேலைக்குச் செல்பவர்கள், காலையில் ஒன்றை எடுத்துக் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டால் போதும்.

கஞ்சியும் தண்ணீரும்

கஞ்சி காய்ச்சுவதென்றால் மணியை வடிகட்டாமல் குடிப்பதற்கான வழியைத் தேர்ந்தெடுங்கள். கால் கிண்ணம் பார்லியை வெறும் வாணலியில் மணம் வரும் வரை வறுத்து, ஆறியதும் மிக்ஸியில் ரவைப் பதத்துக்கு உடைத்து, ஒன்றரை லிட்டர் தண்ணீரில் போட்டு நாற்பது நிமிடம் சிறுதீயில் காய்ச்சினால் ஏறக்குறைய ஒரு லிட்டர் கஞ்சி கிடைக்கும். உடைத்த பார்லி அடிபிடிக்கும். முதல் பத்து நிமிடம் கிளறியபடியே இருக்க வேண்டும். உப்புப் போட்டு, வெதுவெதுப்பான பின் கடைந்த மோர் ஊற்றி, நறுக்கிய சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் சேர்த்துக் குடிப்பதே நம் ஊர் வெயிலுக்கு ஏற்றது. எலுமிச்சை பிழிவதானால் கஞ்சி நன்றாக ஆறியபின் பிழியுங்கள். சூட்டில் அதன் வைட்டமின் சி பெரிதும் அழிந்துவிடும்.

காய்ச்சல்காரருக்கு வடித்த நீர்தான் வேண்டுமென்றால் மணியை உடைக்காமல் அதே அளவில் காய்ச்சி வடிகட்டலாம். வடித்தபின் எஞ்சும் மணியை அன்றைய சாம்பாரிலோ கூட்டிலோ போட்டுவிடுங்கள். கஞ்சியோ தண்ணீரோ, வெளியில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். நம் ஊர்க் கோடையில் மாலைக்குள் புளித்து நூல் விட ஆரம்பிக்கும்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள தமிழர்களுக்குப் பார்லி என்றாலே கடையில் ஐஸ் போட்டுத் தரும் இனிப்புப் பானம்தான். இரண்டு ரம்பை இலைகளை முடிச்சுப் போட்டுக் கொதியில் இட்டு, கற்கண்டு சேர்த்து வீட்டிலேயே செய்தால், மணியைக் கரண்டியால் அள்ளிச் சாப்பிடும்படி கெட்டியாகவும் இனிப்பைப் பாதியாகவும் வைத்துக்கொள்ளலாம். டப்பாக்களில் வரும் மால்ட் பானங்களிலும் பார்லி இருக்கிறது. ஆனால் முளைகட்டிய பார்லியின் மாவுச்சத்து நொதிகளால் சர்க்கரையாக மாறி, மேலே தனியாகவும் சர்க்கரை சேர்ந்திருப்பதால், இங்கே சொன்ன நன்மைகளை அவற்றிடம் எதிர்பார்க்க முடியாது.

அரபு நாடுகளில் தல்பீனா என்று ஒரு கஞ்சி உண்டு. நோயாளிக்கும் துக்கத்தில் இருப்பவருக்கும் ஆறுதல் தரும் உணவாக நபிமொழிகளில் குறிப்பிடப்படுவதால் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றுக்கும் இது தெரிந்ததே. வறுத்து அரைத்த பார்லி மாவு இரண்டு மேசைக்கரண்டியை ஒரு டம்ளர் குளிர்ந்த நீரில் கட்டியின்றிக் கரைத்து, பத்து நிமிடம் காய்ச்சி, ஒரு டம்ளர் பால் ஊற்றிக் கொதித்ததும் இறக்கி, ஆறியபின் தேனோ அரிந்த பேரீச்சம்பழமோ சேர்த்தால் அதுதான் தல்பீனா. மெல்ல முடியாத முதியவர்களுக்கு இதைவிட எளிதான வழி இல்லை.

பொங்கல், இட்லி, சூப்

பார்லியை முதன்முதலாக வீட்டாருக்குக் கொடுக்க வெண்பொங்கல்தான் ஏற்றது. மிளகும் சீரகமும் நெய்யும் அதன் மண்வாசனைக்கு நன்றாகப் பொருந்துகின்றன. ஒரு கிண்ணம் பார்லியை மிக்ஸியில் இரண்டு மூன்று சுற்று விட்டு நொய்யாக உடைத்து ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். அரைக் கிண்ணம் பாசிப்பருப்பை வறுத்துச் சேர்த்து, ஐந்து கிண்ணம் தண்ணீர், உப்பு, பெருங்காயத்தோடு ஆறு விசில் வேகவைக்க வேண்டும். உடைப்பதைத் தவிர்த்தால் பருப்பு தனியாகவும் மணி தனியாகவும் நிற்கும்; பொங்கல் சேராது. தாளிப்புக்கு முழு மிளகு, சீரகம், பொடியாக நறுக்கிய இஞ்சி, கறிவேப்பிலை, முந்திரி. ஆற ஆற இது அரிசிப் பொங்கலைவிட வேகமாக இறுகும் என்பதால், இறக்கும்போது சற்றுத் தளர்வாகவே இருக்கட்டும். அரை டம்ளர் வெந்நீரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இட்லிக்கு இரண்டு கிண்ணம் இட்லி அரிசி, ஒரு கிண்ணம் பார்லி, ஒரு கிண்ணம் உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம் என்ற அளவு பொருந்தும். பார்லியை அரிசியோடு சேர்க்காமல் தனியாக எட்டு மணி நேரம் ஊறவைத்து அரைப்பது நல்லது. அரிசியே இல்லாமல் முழுக்க பார்லியில் இட்லி வார்க்கும்படி சொல்லும் குறிப்புகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் நார்ச்சத்து நீரைப் பிடித்துவைத்துக்கொள்வதால் இட்லி பஞ்சாகாமல் பிசுபிசுப்பாகிவிடும். தோசைக்கு அரிசியில் பாதி வரை மாற்றலாம். மாவு சற்று நீர்க்க இருந்து, கல் நன்றாகக் காய்ந்திருந்தால் ஓரம் மொறுமொறுப்பாகப் பொன்னிறமாகும்.

தயிர் சாதம் பிசைவதுபோல் வெந்த பார்லியில் தயிரும் சிறிது பாலும் ஊற்றி, கடுகு, பச்சை மிளகாய், இஞ்சி தாளித்துக் கொட்டினால் அலுவலகத்துக்கு எடுத்துச் செல்ல ஏற்ற உணவாகிறது. மதியத்துக்குள் தயிரை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் பாலைச் சற்று தாராளமாக விடுங்கள். உதிரியாக வெந்த மணியில் எலுமிச்சை சாதத் தாளிப்பும் புளிக்காய்ச்சலும் நன்றாகப் பிடிக்கின்றன. வேகவைத்த பாசிப்பயறு, துருவிய கேரட், மாங்காய், தேங்காய் சேர்த்துக் கிளறினால் சுண்டல். ரசம் மட்டும் இதோடு சேர்வதில்லை. மணி ரசத்தை உறிஞ்சாமல் தனித்தே மிதக்கும்.

அசைவம் சாப்பிடுவோருக்கு ஆட்டு எலும்பு சூப் நல்ல இடம். ஸ்காட்லாந்தில் ஆட்டிறைச்சியோடு பார்லியும் கிழங்குகளும் இட்டு மணிக்கணக்கில் காய்ச்சும் சூப் நெடுங்கால வழக்கம். அந்த முறை நம் மிளகு, சீரகம், மல்லிக்கு அப்படியே ஒத்துவருகிறது. எலும்பு வேகும்போதே நான்கு பேருக்கு ஒரு கைப்பிடி ஊறிய பார்லியைப் போட்டுவிட்டால், சோளமாவு கரைத்து ஊற்றாமலே சூப் கெட்டிப்படும். ஒரு கைப்பிடிக்கு மேல் போட்டால் அது சூப்பாக இராது, கஞ்சியாகிவிடும்.

பாயசம் செய்வோருக்கு ஒரே ஓர் எச்சரிக்கை: மணி முழுதாக வெந்தபின்தான் வெல்லப்பாகை ஊற்ற வேண்டும். இனிப்பு சேர்ந்தபின் மணி மேற்கொண்டு மென்மையாகாது. தேங்காய்ப் பாலும் ஏலக்காயும் போதும்.

மாவும் வறுவலும்

சப்பாத்திக்கு மூன்று பங்கு கோதுமை மாவோடு ஒரு பங்கு பார்லி மாவு. பார்லியின் குளூட்டனுக்கு இழுவை குறைவு என்பதால் அதற்கு மேல் கூட்டினால் தேய்க்கும்போது ஓரம் வெடிக்கும். கொதிநீர் விட்டுப் பிசைந்து அரை மணி நேரம் மூடி வைத்தால் மாவு மென்மையாகும். கடையில் பார்லி மாவு கிடைக்காவிட்டால் மணியை வறுத்து மில்லில் கொடுத்து அரைக்கலாம். முந்தைய சரக்கு மிளகாயாக இருந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வறுத்து அரைத்த பார்லி மாவையே முதன்மை உணவாகக் கொண்ட மக்கள் இமயமலையில் இருக்கின்றனர். திபெத்திலும் லடாக்கிலும் அந்த மாவை வெண்ணெய்த் தேநீரில் பிசைந்து உருண்டை பிடித்து உண்கின்றனர்; திபெத்தியர் இதை சம்பா என்கின்றனர். அடுப்பில்லாத இடத்திலும் உண்ண முடிவது இதன் வசதி. நம் வீட்டில் அதே மாவை மோரில் கரைத்து உப்பும் வறுத்த சீரகப் பொடியும் போட்டால், காலையில் அவசரமாகக் கிளம்புபவருக்கு ஐந்து நிமிடத்தில் ஒரு டம்ளர் உணவு தயாராகிவிடும்.

கொரியாவிலும் ஜப்பானிலும் மணியை நன்றாகக் கருக வறுத்துத் தேநீராகக் காய்ச்சிக் குடிக்கின்றனர்; அங்கே கோடையில் இதைக் குளிரவைத்துத் தண்ணீருக்குப் பதிலாகவே அருந்துவர். கனமான இரும்பு வாணலியில், நடுத்தரத் தீயில், கை விடாமல் கிளறி, காப்பிக்கொட்டையைவிட ஒரு படி வெளிறிய நிறம் வரும் வரை பதினைந்து நிமிடம்போல வறுக்க வேண்டும். புகை எழத் தொடங்கிய உடனே வேறு தட்டுக்கு மாற்றிவிடுங்கள். சூடான வாணலியிலேயே விட்டால் அடுப்பை அணைத்த பின்னும் கருகிக் கசந்துவிடும். ஒரு லிட்டர் நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டினால் போதும். சர்க்கரையும் பாலும் வேண்டாம். இதில் காஃபீன் இல்லை என்பதால் மாலை ஆறு மணிக்கு மேல் காப்பியை நிறுத்த நினைப்பவர்கள் குடிக்கலாம். நார்ச்சத்து அதிகம் இறங்காத பானம் என்பதால் கொலஸ்டிரால் கணக்கில் இதைச் சேர்க்கக் கூடாது.